எங்களுக்கு அரைப் பேர் வேண்டாம்: ஒரு பழைய போர்டிங் பிள்ளையின் திறந்த மடல்

நம் கல்லூரியின் நினைவு மலர்க் குழுவினருக்கும், பழைய மாணவிகள் சங்கத்து அக்காமார் தங்கைமாருக்கும்,

வணக்கம்.

மலருக்காக எழுதிய கல்லூரி வரலாற்றின் முதல் பிரதியை எனக்கும் அனுப்பி, போர்டிங் நினைவுகளை அரைப் பக்கத்தில் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். நன்றி. 26 பக்கத்தையும் இரண்டு தரம் படித்தேன். அப்புறம் அந்த அரைப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. வந்தது இந்த மடல்தான். குழுவுக்கு மட்டும் அனுப்பினால் ஏதாவது ஒரு கோப்புக்குள் போய்ப் படுத்துவிடும் என்ற பயத்தில் எல்லாரும் பார்க்க எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கல்லூரியின் பேரை நான் எழுதவில்லை. படித்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள், இலங்கை மலையகத்தில் சபைகள் கட்டி வளர்த்த பெண்கள் பள்ளிக்கூடங்களில் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். அநேகமாகப் பொருந்தும்.

என் சிக்கல் 14ஆம் பக்கத்தில் இருக்கிறது. "தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் கல்லூரி தன் அன்புக் கரத்தை நீட்டியது." அவ்வளவுதான். 26 பக்கத்தில் எங்களுக்கு இந்த ஒரு வரி. அந்த வரியிலும் எழுவாய் கல்லூரி. நாங்கள் நான்காம் வேற்றுமை.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு ஒரு சொல்லை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளமும்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய், மலையில் ஏறி, மடுவத்தில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, சொன்ன நிறை இருந்தால் செக்ரோல் என்ற சம்பளப் புத்தகத்தில் முழுப் பேர் விழும். ஒன்றிரண்டு கிலோ குறைந்தால் அரைப் பேர். முழு நாளும் மழையில் நின்றவளுக்கு அரைப் பேர் போட்டுவிட்டுக் கணக்கப்பிள்ளை புத்தகத்தை மூடுவதை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். உங்கள் 14ஆம் பக்கத்தைப் படித்ததும் அந்தப் புத்தகம் மூடும் சத்தம்தான் கேட்டது.

முதல் ஒன்பது பக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலத்தில், கப்பலில் மாதக்கணக்கில் வந்து, காய்ச்சலில் விழுந்து, இங்கேயே மண்ணாகிப் போன பெண்களை எப்படிக் குறை சொல்வது? யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியட் வின்ஸ்லோ 1824இல் பெண்களுக்கென்று விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அதற்குப் பின்னால் வந்த எலைசா அக்னியூ நாற்பது வருஷமளவில் அங்கேயே இருந்து, தாய்க்குப் படிப்பித்து, மகளுக்குப் படிப்பித்து, பேத்திக்கும் படிப்பித்தார். மலைநாட்டில் அது பிந்தித்தான் நடந்தது. கண்டியில் மெதடிஸ்த சபையார் பெண்கள் உயர்தரப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கியது 1879இல். அதே கண்டியில் ஹில்வூட் பெண்கள் பள்ளிக்கூடம் 1890இல் வந்தது, கண்டியப் பிரதானிகளின் மகள்மாரை மனதில் வைத்து. இதையெல்லாம் நீங்கள் அழகாகவே சொல்லியிருக்கிறீர்கள். நம் கல்லூரியின் முதல் மிஸ்ஸியம்மா டோலியில் மலையேறிய கதையை நானும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்த டோலியைத் தூக்கியவர்கள் யார் என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் கேட்டார்கள்.

பிரதானிகளின் மகள்மார் படிக்க வந்த காலத்தில் நாங்கள் எங்கே இருந்தோம்? இதே மலையில்தான். 1854இல், தேயிலை வருவதற்கு முன்னால், கோப்பிக் காலத்தில், தமிழ்க் கூலி மிஷன் என்றே பேர் வைத்து ஒரு மிஷன் தொடங்கினார்கள். திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்து தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். அதற்குச் சந்தா கட்டியவர்கள் தோட்டத்தை நடத்திய துரைமார். துரைமாரின் சந்தா எந்தக் கோப்பிச் செடியில் காய்த்தது, யார் அதைப் பறித்தார்கள் என்பதை நான் எழுதிக்காட்டத் தேவையில்லை. 'அன்புக் கரம்' என்று எழுதும்போது, அந்தக் கரத்துக்குள் இருந்த காசு எங்கிருந்து வந்தது என்றும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அப்புறம் சட்டங்கள் வந்தன. ஆறிலிருந்து பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்புக் கொடுப்பது துரையின் கடமை என்று 1920ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. பத்து வயதுக்குப் பிறகு? மலை இருக்கிறது, கூடை இருக்கிறது. 1945இல் இலவசக் கல்வி வந்தது என்று பாடப் புத்தகத்தில் படித்தோம். அது தோட்டத்துப் பள்ளிக்கூடம்வரை ஏறிவர இன்னும் முப்பது வருஷம் பிடித்தது. 1960, 61இல் அரசாங்கம் சபைகளின் உதவி பெறும் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பெடுத்தபோதும் தோட்டப் பள்ளிக்கூடங்களைத் துரைமாரிடமே விட்டுவிட்டது. நான் படித்த பள்ளிக்கூடம் ஒரே மண்டபம். ஐந்து வகுப்பு, ஒரு மாஸ்டர். அவர் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் சொல்லும்போது, முதலாம் வகுப்புப் பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளைக் காம்பராவில் தூங்கும் தம்பிமாரைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆறாம் வகுப்பு என்றால் மலையை விட்டு இறங்க வேண்டும். இறங்குவதற்கு ஒரு கட்டிலும் மூன்று வேளைச் சோறும் வேண்டும்.

நான் 1976 ஜனவரியில் இறங்கினேன். தோட்டங்களில் பஞ்சம் வந்த காலம் முடிந்து இரண்டு வருஷம். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் பக்கத்து டிவிஷன் கோயில் ஐயர், அதாவது சபை போதகர், எனக்காக ஒரு கடிதம் கொடுத்தார். போர்டிங் காசைக் குறைத்தார்கள். குறைத்தார்கள், இனாமாகத் தரவில்லை. அந்தக் குறைத்த காசுக்குக் கிடைத்த ரசீதுத் துண்டுகள் 61ம் பிஸ்கட் டின் ஒன்றில் இன்றைக்கும் என்னிடம் இருக்கின்றன. அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்கு, அதாவது எடுத்த கொழுந்துக்குக் கையில் தரும் காசுக்கு, கொழுந்து எடுத்துக் கட்டிய காசு. மாதத்தில் முதல் ஞாயிறு போர்டிங்கில் பெற்றோர் பார்க்க வரும் நாள். அன்றைக்கு அம்மாவுக்குக் கைக்காசும் இல்லை, பஸ் காசும் செலவு. அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார், ரொட்டியும் மாசிச் சம்பலும் வாழை இலையில் கட்டிக்கொண்டு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருவார். கழற்ற வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அப்போது எனக்கும் அது சரியென்றே பட்டது.

அறுபதுகளில் அரசாங்கக் காசு நின்றபோது வெளிநாட்டு நண்பர்களும் பழைய மாணவிகளும் கல்லூரியைத் தாங்கினார்கள் என்று 17ஆம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். சரி. போர்டிங் காசும் தாங்கியது. அந்த 61 துண்டும் அந்தப் பக்கத்துக்குரியவை.

இனி, இந்த மடலை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் ஓய்வூதியக் காகிதங்களில் பிறந்த தேதி பிழையாக இருந்தது. விடுகைப் பத்திரத்தின் பிரதி வேண்டும் என்று கல்லூரிக்கு வந்தேன். கந்தோரில் இருந்த தங்கை தேடிக் களைத்துப் போய், "மிஸ், நீங்களே பாருங்களேன்" என்று மாடிப்படிக்குக் கீழேயுள்ள அறையைத் திறந்துவிட்டார். அங்கே, உடைந்த ஹார்மோனியத்துக்கும் விளையாட்டுப் போட்டிக் கொடிகளுக்கும் இடையில் ஒரு மர அலுமாரி. அதன் கீழ்த்தட்டில் கொச்சக் கயிற்றால் கட்டிய சேர்வு இடாப்புகள். மேலேயிருந்த இரண்டு புத்தகத்தின் அட்டை பனி குடித்து ஊதிப்போய், தொட்டால் தோசை மாவு மாதிரி அமுங்கியது. ராமபாணப் பூச்சிகள் ஓடின. 1950களின் புத்தகம் ஒன்றில் ஓரம் முழுக்க அரித்து, தேதிகள் போய், பேர்கள் மட்டும் நின்றன. இன்னும் சில மழைக்காலம் போனால் பேர்களும் நிற்காது.

பகல் முழுவதும் அந்த அறையில் தரையில் உட்கார்ந்திருந்தேன். என் பேரைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் போதும். ஆனால் எழும்ப முடியவில்லை. இலக்கம், பேர், தகப்பன் பேர், தகப்பனின் தொழில், விலாசம், சமயம், முன்பு படித்த பள்ளிக்கூடம், சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம். எல்லாம் ஆங்கிலத்தில், சரிந்த கையெழுத்தில். தகப்பனின் தொழில் என்ற கட்டத்தில் லேபரர், லேபரர், கங்காணி, லேபரர். தாயின் தொழிலுக்குக் கட்டமே இல்லை. பெண்கள் கல்லூரி! எங்கள் அப்பா வருத்தக்காரர், பாதி மாதம் வேலைக்குப் போக மாட்டார். என்னைப் படிக்க வைத்தவர் எந்தக் கட்டத்திலும் இல்லை.

தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கி, 200ஐத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அதுவும் நான் பார்த்த நான்கு புத்தகத்தில் மட்டும். ஒரு வரிக்குள் அடங்குகிற கூட்டமா இது?

'விலகிய காரணம்' என்ற கட்டத்தைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். எழுபதுகளின் பக்கங்களில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும்: இந்தியா. 1964 ஒக்டோபர் 30ஆம் தேதி இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், இந்தியாவிலிருந்து வந்த வழி என்று எங்களைப் பங்கு பிரித்தார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் அங்கே, 3 இலட்சம் பேர் இங்கே, மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. அந்தக் கணக்கில் ஒருத்தி எனக்குப் பக்கத்துக் கட்டில்காரி. எட்டாம் வகுப்பில் இரண்டாம் தவணை நடுவில் அவளுடைய அண்ணன் வந்து நின்றார். அவள் கட்டில் விரிப்பைக் கழற்றிச் சுருட்டினாள். "கோச்சியில தலைமன்னார், அங்கயிருந்து கப்பல்" என்று ஏதோ பள்ளிக்கூடச் சுற்றுலா போகிற மாதிரிச் சொன்னாள். தமிழ்நாட்டு மண்டபம் முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்புறம் நீலகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்ததாக ஒன்று. அப்புறம் இல்லை. வகுப்பில் ஆங்கிலத்தில் எப்போதும் முதலாவதாக வந்தவள் அவள். உங்கள் மலரில் பரிசு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. அந்த வருஷம் பரிசளிப்பு விழாவுக்கு முன்னால் அவள் போய்விட்டதால் பட்டியலில் அவள் பேர் இல்லை. இடாப்பில் இருக்கிறது.

இந்த இடாப்புகளுக்கு இன்னொரு பயனும் இருந்தது. 1948இல் எங்கள் ஆட்களின் குடியுரிமையைப் பறித்த பிறகு, 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டவர்கள் இத்தனை வருஷம் இங்கேயே இருந்தோம் என்று காட்ட வேண்டியிருந்தது. லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவர்களிடம் என்ன காகிதம் இருக்கும்? பள்ளிக்கூடத்தில் பேர் இருந்தால் அது ஒரு சாட்சி. என் பெரியம்மா அப்படி ஒரு பள்ளிக்கூடக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார். வாசிக்கத் தெரியாது. பூ வைப்பார்.

பேர் என்ற விஷயத்தில் மிஷன் பள்ளிக்கூடங்களின் கதை எப்போதும் கொஞ்சம் விசித்திரம்தான். அந்த நாளில் யாழ்ப்பாணத்து விடுதிப் பள்ளிக்கூடங்களில், அமெரிக்காவில் ஒரு பிள்ளையின் செலவுக்குக் காசு அனுப்பியவரின் பேரையே அந்தப் பிள்ளைக்கு வைத்தார்கள். வீட்டில் ஒரு பேர், இடாப்பில் ஒரு பேர். பாளையங்கோட்டையில் சாரா டக்கர் கல்லூரி இருக்கிறது. தென்தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டில் பாட்டி, அம்மா, மகள் எல்லாருக்கும் அதுதான் கல்லூரி. அந்தச் சாரா டக்கர் இந்தியாவில் கால் வைத்ததே இல்லை. நடக்க முடியாதவர், இங்கிலாந்தில் இருந்தபடியே எழுதினார், காசு சேர்த்தார். அதற்காகப் பேர் வைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்லதுதான். வராதவருக்கே ஒரு கல்லூரியின் பேர் கிடைக்குமென்றால், 15 மைல் மலையிறங்கி வந்து ஏழு வருஷம் இருந்தவளுக்கு மலரில் ஒரு வரி இடம் கிடைக்காதா என்றுதான் கேட்கிறேன்.

எனக்குப் போர்டிங்கில் பேரைவிட நம்பர்தான் முக்கியம். 43. விரிப்பு, துவாய், பாவாடை எல்லாவற்றின் மூலையிலும் சிவப்பு நூலால் 43 என்று தைத்துக் கொண்டுவர வேண்டும், டோபியிடம் மாறிப்போகாமல் இருக்க. அம்மாவுக்கு இலக்கம் எழுதத் தெரியாது. மாமா மகள் இஸ்தோப்புச் சுவரில் கரிக்கட்டியால் 43 என்று பெரிதாக எழுதிவிட்டாள். அதைப் பார்த்துப் பார்த்து அம்மா தைத்தார். முதல் துவாயில் 4 திரும்பி நின்றது. மேட்ரன் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். ஆனால் பிரிக்கச் சொல்லவில்லை. "எனக்கு 218, உனக்கு 43" என்று அம்மா சொல்லிக்கொண்டிருப்பார். 218 அவருடைய செக்ரோல் நம்பர்.

இன்னொன்று. 1983 ஜூலையைப் பற்றி உங்கள் வரலாறு, "நாட்டில் நிலவிய அசாதாரண சூழ்நிலை காரணமாகக் கல்லூரி சில வாரம் மூடப்பட்டது" என்று தாண்டிப் போகிறது. நான் அப்போது உயர்தர வகுப்பு. டவுனில் கடைகள் எரிந்த புகை படுக்கை மண்டபத்துக்குள் வந்தது. தமிழ்ப் பிள்ளைகள் எங்கள் எல்லாரையும் சமையலறைக்குப் பின்னாலிருந்த சாமான் அறைக்குள் விட்டு, வெளியே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தவர் சமையல் வேலை செய்த சிங்கள அம்மா ஒருவர். அரிசி மூட்டைக்கு மேல் மூச்சு விடாமல் கிடந்தோம். வெளியே யாரோ அவரிடம் ஏதோ கேட்டார்கள். அவர் வெங்காயக் கண்ணோடு ஏசி அனுப்பினார். அதிபர்களின் படம் எல்லாம் மலரில் இருக்கிறது, ஒருவர் விடாமல். அந்த அம்மாவின் பேரைச் சம்பள இடாப்பில்தான் தேட வேண்டும். அதுவும் அதே அலுமாரியில்தான் இருக்கும்.

இதையெல்லாம் குழுவில் ஒரு அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் நிதானமாக ஒன்று சொன்னார், அது என்னை யோசிக்க வைத்தது. "தங்கச்சி, உங்களுக்குச் சரி. ஆனா லயத்திலயிருந்து வந்தேன்னு வெளியில தெரியிறது எல்லாருக்கும் விருப்பமா இருக்குமா? பிள்ளைகள் கலியாணம் கட்டின இடம், இருக்கிற இடம் எல்லாம் பார்க்கணும்." உண்மைதான். நானும் ஏழாம் வகுப்புவரை அப்பா எஸ்டேட்டில் கிளாக்கர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொய் உடைந்தது. ஆகவே விரும்பாத ஒருவரின் பேரையும் போட வேண்டாம். இருக்கிறவர்களிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள். தொழில், விலாசம், சமயம் எதுவும் அச்சில் வேண்டாம். பேரும் வந்த வருஷமும் போதும். ஆனால் யாரிடமும் கேட்காமலே, அவர்களுக்கு வெட்கமாக இருக்கும் என்று நாமே முடிவு செய்து, எல்லாரையும் ஒரு வரிக்குள் மூடி வைப்பது வேறு விஷயம். அது யாருடைய வெட்கம் என்று அந்த அக்காவிடம் கேட்க வாய் வந்தது. வயதில் மூத்தவர், கேட்கவில்லை. இங்கே கேட்டுவிட்டேன்.

எனவே மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த இடாப்புகளை வெளியே எடுங்கள். முதலில் காற்றுக் காட்ட வேண்டும். நேர் வெயில் கூடாது, மை வெளிறிவிடும், காற்றோட்டமான நிழலில் விரித்து வையுங்கள். பிறகு பக்கம் பக்கமாகப் படம் எடுக்கலாம். இப்போது அதற்கு ஒரு நல்ல போனும் பொறுமையுள்ள இரண்டு ஏ லெவல் பிள்ளைகளும் போதும். கொழும்பிலுள்ள சுவடிகள் திணைக்களத்தில் யாரையாவது கேட்டால் அட்டை ஊதிய புத்தகங்களை எப்படித் திறப்பது என்று சொல்லித் தருவார்கள். பேர்ப் பட்டியலுக்கு மலரில் பக்கம் காணாது என்றால், என் அரைப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்த்துச் செய்திகள் ஆறு இருக்கின்றன, எல்லாவற்றிலும் ஒரே வாழ்த்து. அவற்றில் இரண்டை ஒரே பக்கத்தில் போட்டாலும் யாரும் கோபிக்கப் போவதில்லை.

14ஆம் பக்கத்து வரியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் எதை எழுதுவது என்று கேட்பீர்கள். எழுவாயை மாற்றினாலே போதும். 'தோட்டத்துப் பிள்ளைகள் வந்தார்கள்' என்று தொடங்குங்கள். மீதி தானாக வரும்.

அலுமாரியை அடுக்க ஆள் இல்லை என்று சொல்வீர்கள் என்றும் எனக்குத் தெரியும். நான் வருகிறேன். வருகிற மாதம் முதல் ஞாயிறு, காலை எட்டரை பஸ்ஸில் இறங்கி வாசலுக்கு வந்துவிடுவேன். கொப்பி, பென்சில், பழைய துணி, மூக்குக்குக் கட்டத் துண்டு எல்லாம் கொண்டுவருவேன். ரொட்டியும் சம்பலும் கொண்டுவருவேன், வருகிறவர்களுக்கும் சேர்த்து. அந்த அலுமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் வாசல்காரரிடம் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
1976இல் சேர்ந்த
போர்டிங் நம்பர் 43